மண்ணுக்கும் தண்ணீருக்கும் வயது பார்ப்பது, அதுவும் கையைக் கடிக்காமல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வண்டல் மாதிரிகளோடு வேலை செய்கிறேன். தொடக்கக் கல்லூரி மாணவர்கள், பாலிடெக்னிக் பிள்ளைகள், ஊர் வரலாறு எழுதுகிறவர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மண்ணுக்கு வயசுன்னு ஒண்ணு இருக்கா? எல்லா மண்ணும் பழசுதானே?

பழசுதான். புக்கித் தீமா கிரானைட் பாறை 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. அதிலிருந்து உதிர்ந்து நேற்றைய மழையில் கால்வாய்க்கு வந்த மணலும் அதே பாறைதான். ஆகவே மணல் துகளின் பிறப்பைக் கேட்டால் உங்களுக்குப் பயன்படாத விடைதான் கிடைக்கும்.

ஆய்வுக்கூடம் கணக்கிடுவது ஒரு நிகழ்ச்சியின் வயதை. இந்த இலை எப்போது செத்தது? இந்த அடுக்கு எப்போது புதைந்தது? இந்த மணல் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது? இந்த நீர் எப்போது நிலத்துக்குள் இறங்கியது? ஒவ்வொன்றுக்கும் முறை வேறு, செலவும் வேறு. பெரும்பாலான முறைகள், மாதிரியில் இயற்கையாக உள்ள கதிரியக்கம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எண்ணுபவை. யாராவது மாதிரியைக் கொண்டுவந்து “வயசு பாருங்க” என்றால், எந்த நிகழ்ச்சியின் வயது என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

கதிரியக்கம்னு சொல்றீங்களே, ஆபத்தில்லையா?

மாதிரியில் இருப்பது இயற்கையாகவே எல்லா மண்ணிலும் இருக்கும் அளவு. ஆய்வுக்கூடத்தில் நான் பயப்படுவது அமிலங்களுக்கும் பென்சீனுக்கும்தான்.

எந்த முறை எத்தனை வருஷம் வரைக்கும் வேலை செய்யும்?

அரை ஆயுளைப் பாருங்கள். ஒரு கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறைய எடுக்கும் காலம் அது. ஐந்தாறு அரை ஆயுள் கடந்துவிட்டால் மிச்சம் இருப்பதை எண்ணுவது சிரமம். பெரிலியம்-7க்கு 53 நாள், எனவே சென்ற பருவமழையில் அரித்த மண்ணைத் தேட அது போதும். டிரிட்டியத்துக்கு (கதிரியக்க ஹைட்ரஜன்) 12.3 ஆண்டு, ஈயம்-210க்கு சுமார் 22 ஆண்டு, சீசியம்-137க்கு சுமார் 30 ஆண்டு. இந்த மூன்றும் நம் தாத்தா பாட்டி காலத்துக்கு உள்ளேதான். உயிருள்ளவரை உடலில் ஏறி, செத்தபின் குறைந்துகொண்டே போகும் கார்பன்-14க்கு 5,730 ஆண்டு. அது சில நூறு ஆண்டில் தொடங்கி சுமார் 50,000 ஆண்டு வரை போகும்.

அதற்கும் அப்பால் போக வேண்டுமானால் பவளத்துக்கு யுரேனியம்-தோரியம் முறை, மணலுக்கு (அது கடைசியாக வெயிலைப் பார்த்ததிலிருந்து கணக்கிடும்) ஒளிர்வு முறை என்று வேறு வழிகள் உண்டு. அவை மலிவு என்ற பட்டியலில் வராது.

எவ்வளவு வெள்ளி ஆகும் சார்? ஸ்கூல் பிராஜெக்ட்டுக்குக் கட்டுப்படியாகுமா?

கார்பன்-14ஐ வெளிநாட்டு வணிக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் ஒரு மாதிரிக்குச் சில நூறு அமெரிக்க டாலர் ஆகும். ஒரு தூணுக்கு (குழாயை இறக்கி எடுத்த மண் உருளைக்கு) ஐந்தாறு மாதிரி என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஈயம்-210க்கான கருவி ஏற்கெனவே இருக்கும் கூடத்தில் உங்கள் மாதிரிக்கு ஆகும் கூடுதல் செலவு அமிலம், வெள்ளித் தகடு, கருவியின் நேரம், அவ்வளவுதான். அதனால் மாணவர்களை முதலில் அந்தப் பக்கம்தான் தள்ளிவிடுவேன்.

இன்னொரு விஷயம். எண்ணிக்கையின் பிழை, எண்ணியதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 100 சிதைவுகளை எண்ணினால் பிழை 10 சதவீதம், 10,000 எண்ணினால் 1 சதவீதம். விலை உயர்ந்த கருவி வாங்க முடியாத கூடம், இருக்கும் கருவியில் மாதிரியை வெள்ளிக்கிழமை மாலை வைத்துவிட்டுத் திங்கட்கிழமை காலை எடுக்கும். பணத்துக்குப் பதில் நேரம் கொடுக்கிறோம். பிராஜெக்ட் ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கும்போது வந்து நின்றால் இந்தக் கணக்கு உதவாது!

ஈயம்-210 மண்ணுக்குள்ள எப்படி வந்துச்சு? அதை வச்சு எப்படி வருஷம் சொல்றீங்க?

பாறையில் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியம்-226 ஆகி, அதிலிருந்து ரேடான் என்ற வாயு பிறக்கிறது. வாயு என்பதால் கொஞ்சம் நிலத்தைவிட்டு வெளியேறிக் காற்றில் கலக்கும். அதன் அரை ஆயுள் 3.8 நாள்தான். காற்றிலேயே சிதைந்து ஈயம்-210 ஆகி, தூசியோடும் மழையோடும் கீழே விழுந்து, நீரடி வண்டலின் மேற்பரப்பில் படிகிறது. அடுத்த அடுக்கு மேலே வந்து மூடியதும் அதற்குப் புதுவரவு நின்றுவிடும். பிறகு 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு. மேற்பரப்பில் கிலோவுக்கு 80 பெக்கரல் (பெக்கரல் என்பது நொடிக்கு ஒரு சிதைவு), 11 சென்டிமீட்டர் ஆழத்தில் 40 என்று வைத்துக்கொள்வோம். ஓர் அரை ஆயுள் போயிருக்கிறது. ஆக 22 ஆண்டில் 11 சென்டிமீட்டர், ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர் படிவு. ஆனால் இதில் ஒரு கழித்தல் உண்டு. மண்ணுக்குள்ளேயே இருக்கும் ரேடியமும் ஓயாமல் கொஞ்சம் ஈயம்-210ஐ உண்டாக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பங்கைக் கழித்தபின் மிஞ்சும் ‘உபரி’தான் வானத்திலிருந்து வந்தது. மேலே சொன்ன 80, 40 இரண்டும் உபரி எண்கள். கழிக்க மறந்தால் ஆழத்து அடுக்குகள் எல்லாம் இளமையாகத் தெரியும்.

இந்த முறையை 1963இல் கோல்ட்பர்க் என்ற ஆய்வாளர் பனிப்பாறைகளுக்காக முன்வைத்தார். ஏரி வண்டலுக்கு அதைக் கொண்டுவந்த 1971ஆம் ஆண்டுக் கட்டுரையில் கிருஷ்ணசாமி, தேவேந்திர லால் என்ற இரண்டு இந்தியப் பெயர்கள் முன்னால் நிற்கின்றன. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

காமா கருவி இருக்கும்போது எதுக்கு அந்த ஆசிட் வேலை?

காமா கருவியில் வேலை குறைவு. காயவைத்து, பொடித்து, டப்பியில் அடைத்து வைத்தால் போதும். ஈயம்-210, ரேடியம், சீசியம் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். ஆனால் ஈயம்-210 விடும் காமா 46.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்தான். அவ்வளவு மெலிந்த கதிரை மாதிரியே பாதி விழுங்கிவிடும். அதற்குத் தோதான ஜெர்மானியம் உணரி விலை அதிகம், எப்போதும் குளிர்ச்சியாகவும் வைத்திருக்க வேண்டும். ரேடியத்தைச் சரியாக அளக்க டப்பியைக் காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் காத்திருக்கவும் வேண்டும், உள்ளே ரேடான் நிறைந்து சமநிலைக்கு வருவதற்காக.

ஆசிட் வழி நேரடியாக ஈயத்தை எண்ணாமல் அதன் பேரப்பிள்ளையான பொலோனியம்-210ஐ எண்ணுகிறது. அரை கிராம், ஒரு கிராம் மண் போதும். வழியில் எவ்வளவு தொலைகிறது என்று அறிய, அளவு தெரிந்த பொலோனியம்-209ஐத் தடங்காணியாகச் சேர்த்து நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களில் கரைக்கிறோம். நம்மூர்ச் செம்மண்ணில் இரும்பு அதிகம், கரைசல் மஞ்சளாக நிற்கும். அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, போடப் போட அந்த மஞ்சள் வெளுத்து நிறமில்லாமல் போகும். அதன் பிறகுதான் வெள்ளித் தகட்டைத் தொங்கவிட வேண்டும். சுமார் 80, 90 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்தால் மின்சாரமே இல்லாமல் பொலோனியம் தானாகத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் போகும்வரை பொறுக்காதவர்களின் தகட்டில் இரும்பு குறுக்கே வந்து வேலையைக் கெடுத்துவிடும். அப்புறம் அந்தத் தகட்டை ஆல்பா உணரியின் கீழ் ஒருநாள் இரண்டுநாள் வைத்தால் எண் வந்துவிடும். ஆல்பா உணரி ஜெர்மானியத்தைவிடப் பல மடங்கு மலிவு. அதனால்தான் சிறிய கூடங்கள் இன்னும் இந்த வழியை விடவில்லை.

ஒன்று மட்டும் கவனம். பொலோனியம் ஈயத்தோடு சமநிலைக்கு வர ஓரிரு ஆண்டு ஆகும். ஆகவே இன்று காலை படிந்த மேல்தோலுக்கு இந்த முறை ஒத்துவராது. தடங்காணியான பொலோனியம்-209ஐ வைத்திருக்கத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கதிரியக்க விதிகளுக்கு உட்பட்ட கூடம் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்கிற வேலை இல்லை இது.

ஒரே ஒரு டப்பா மண்தான் எடுத்து வந்தேன், போதுமா?

ஈயம்-210க்குப் போதாது. மேலே சொன்ன எடுத்துக்காட்டைப் பாருங்கள், ஆழத்தோடு குறைவதை வைத்துத்தான் கணக்கே. ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது. குழாயை நேராக இறக்கித் தூணாக எடுத்து, ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டராக வெட்ட வேண்டும். குழாயின் சுவரை உரசிய ஓரத்தைச் சீவி எறிந்துவிடுங்கள். மேல்மண் அதில் கீழே இழுபட்டிருக்கும். குழாய் இறங்கும்போது சேறு அமுங்கும் என்பதால், குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் மட்டத்தை அளந்து குறித்து வையுங்கள். காயவைப்பதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். இந்த இரண்டுக்கும் ஒரு காசு செலவில்லை, ஆனால் இவை இல்லாமல் வரும் தூண்கள்தான் அதிகம்.

சுங்கை பூலோ ஈரநிலம் மாதிரி பாதுகாக்கப்பட்ட இடங்களில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் குழாயை இறக்கக் கூடாது. சேற்றில் நண்டு துளைத்த இடத்தையும் தவிர்க்கவும். நண்டு மண்ணைப் புரட்டிப் போட்ட இடத்தில் எந்த முறையும் எடுபடாது.

சீசியம்-137ல 1963ன்னு ஒரு உச்சம் தெரியும்னு படிச்சேன். இங்க அது ஏன் சரியா தெரியலை?

அணுகுண்டுச் சோதனைகளின் தூசி 1963 வாக்கில் உச்சத்தில் இருந்தது. அந்த ஆண்டு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு வளிமண்டலச் சோதனைகள் பெரிதும் குறைந்தன. ஆனால் தூசி பெரும்பாலும் வடகோளத்தின் நடு அகலாங்குகளில்தான் இறங்கியது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 1 டிகிரி வடக்கே, பங்கு குறைவு. அதுவும் இரண்டு அரை ஆயுள் தாண்டி இன்று கால்வாசிதான் மிச்சம். 1986 செர்னோபில் அடையாளம் ஐரோப்பிய ஏரிகளுக்கு உதவும், நமக்கு அல்ல.

போதாக்குறைக்கு உப்புநீர்ச் சேற்றில் சீசியம் ஓரிடத்தில் நிற்காது. கடல்நீரில் உள்ள பொட்டாசியம் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள, சீசியம் மெல்ல நகர்ந்துவிடும். ஆகவே இங்கே அதை ஈயம்-210க்குச் சாட்சியாக வைக்கலாம், தனியாக நம்பக் கூடாது. நன்னீர் நீர்த்தேக்கத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. மெக்ரிட்சி போன்ற இடத்தில் இன்னொரு வசதியும் உண்டு. அணை 1868இல் முடிந்தது என்பது ஏட்டிலேயே இருக்கிறது, ஏரி வண்டலின் அடிமட்டத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பைசா செலவில்லாத காலக்கணிப்பு!

கார்பன்-14ஐ நம்ம லேப்லயே செய்ய முடியாதா?

முடியும், மாதிரி தாராளமாக இருந்தால். திரவ ஒளிர்வு எண்ணி (ஒவ்வொரு சிதைவும் திரவத்தில் உண்டாக்கும் மினுக்கத்தை எண்ணுவது) என்ற கருவி பல உயிரியல் கூடங்களில் ஏற்கெனவே இருக்கும். மாதிரியை எரித்துக் கார்பன் டையாக்சைடாக்கி, அதைப் படிப்படியாகப் பென்சீனாக மாற்றி எண்ணுவது பழைய, துல்லியமான வழி. அதைவிட மலிவு, அந்த வாயுவை நேராக ஓர் அமீன் கரைசலில் உறிஞ்சவைத்து எண்ணுவது. துல்லியம் குறையும். ஆனால் இந்தக் கரி சோழர் காலத்ததா, பனியுகத்ததா என்ற அளவிலான கேள்விக்கு அது தாங்கும். இரண்டுக்கும் கிராம் கணக்கில் கார்பன் வேண்டும்.

1977 வாக்கில் வந்த முடுக்கி முறை சிதைவுக்குக் காத்திருக்காமல் அணுக்களையே எண்ணுகிறது. ஒரு மில்லிகிராம் கார்பன், அதாவது ஒரு விதை போதும். கருவிதான் பெரும் முதலீடு. அதனால் என் யோசனை: கரிமச் சேறு வாளி வாளியாகக் கிடைத்தால் ஒளிர்வு எண்ணி, ஒரேயொரு இலைத்துண்டு என்றால் முடுக்கி. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பத்து இலை, நாலு வேர், கொஞ்சம் சேறு எல்லாவற்றையும் சேர்த்துக் கிராம் கணக்கை நிரப்பாதீர்கள்.

ஏன் சேர்க்கக் கூடாது? எல்லாம் ஒரே அடுக்குலதானே இருந்துச்சு?

ஒரே அடுக்கில் இருந்தவை ஒரே வயதாக இருக்க வேண்டியதில்லை. மண்ணின் மொத்தக் கார்பனுக்கு வயது பார்ப்பது ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் குடியிருப்போரின் சராசரி வயதைக் கேட்பது போன்றது. தொண்ணூறு வயதுப் பாட்டியும் கைக்குழந்தையும் சேர்ந்து நாற்பத்தைந்து என்று வரும், அங்கே நாற்பத்தைந்து வயதில் ஒருவர்கூட இல்லாமல் போகலாம்.

கலப்படத்தின் வேகத்தைப் பாருங்கள். கார்பன்-14 துளியும் மிஞ்சாத மிகப் பழைய கரியில் 1 சதவீதம் இன்றைய கார்பன் கலந்தால், கருவி சுமார் 37,000 ஆண்டு என்று சொல்லும். மெல்லிய வேர் ஒன்று போதும் அதற்கு. ஆகவே கண்ணுக்குத் தெரியும் வேர்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவுகிறோம். பொறுக்குவதற்கு நுண்ணோக்கியும் பொறுமையும் போதும்.

கீழடியில மண்ணோட வயசைத்தானே பார்த்தாங்க?

இல்லை. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட முடிவுகள் கரித்துண்டுகளுக்கானவை. அமெரிக்காவின் மியாமியில் முடுக்கி முறையில் பார்த்தார்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்துக் கரிக்குத்தான் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 580 என்று வந்தது. மரம் எப்போது கார்பனை எடுப்பதை நிறுத்தியது என்பதையே அது சொல்லும். அந்த அடுக்கில் கிடைத்த பானைக்கு அந்த வயதைத் தருவது அகழாய்வாளரின் வாதம், கருவியின் வாதம் அல்ல. நல்ல வாதமாகவும் இருக்கலாம், ஆனால் இரண்டும் வேறு.

நான் இன்னும் கொஞ்சம் கறாராக ஒன்று சொல்வேன். பொ.ஆ.மு. 800 முதல் 400 வரை அளவுத்திருத்த வளைகோடு (கார்பன்-14 எண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் கோடு, அடுத்த கேள்வியில் வருகிறது) ஏறக்குறைய படுத்துக்கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டில் எந்த ஆண்டு வெட்டிய மரமும் கருவிக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். ஆகவே அந்தக் காலத்து ஒற்றை ஆண்டு எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அதன் வீச்சையும் கேளுங்கள். துல்லியமான கருவி வாங்கினாலும் அந்தத் தட்டை நிமிராது. அடுத்தடுத்த அடுக்குகளிலிருந்து பல மாதிரிகள் எடுப்பதுதான் வழி.

அளவுத்திருத்தம்னா என்ன? அதுக்கும் காசா?

காற்றில் கார்பன்-14 எப்போதும் ஒரே அளவில் இருந்ததில்லை. மரவளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மென்பொருள் இலவசம். வடகோளத்துக்கு ஒரு வளைகோடு, தென்கோளத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. நாம் இரண்டு கோளக் காற்றும் மாறி மாறி வீசும் இடத்தில் இருப்பதால், எதைப் பயன்படுத்தினீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ‘இன்றைக்கு முன்’ என்று அறிக்கையில் இருந்தால் அந்த ‘இன்று’ 1950.

நான் மரீன் பரேட்ல இருக்கேன். எங்க புளோக் நிக்கிற மண்ணு எத்தனை வருஷம்?

கிழக்குக் கரையில் கடலைத் தூர்க்கும் வேலை 1966இல் தொடங்கியது. பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டிய மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். எந்தக் கதிரியக்கப் பொருளும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது. கொட்டிய மண் அடுக்கு வரிசையில் இருக்காது, குன்றின் அடிமண் மேலே கிடக்கலாம். பணத்தை மிச்சம் பிடித்து ஆவணக் காப்பகத்தின் பழைய வரைபடங்களைப் பாருங்கள்.

அப்போ சிங்கப்பூர்ல வயசு பார்க்கத் தகுந்த மண்ணே இல்லையா?

ஏன் இல்லை? கட்டுமானக்காரர்கள் திட்டிக்கொண்டே தோண்டும் கடல் களிமண் இருக்கிறதே! கேலாங், மரீனா சவுத் பக்கம் எடுத்த தூண்களில் கரிமச் சேறும் அலையாத்தி மரத்துண்டுகளும் கிடைத்தன. அவற்றைக் கார்பன்-14ஆல் பார்த்துத்தான், சுமார் 9,500 முதல் 7,000 ஆண்டு முன்பு வரையிலான காலத்தில் இங்கே கடல்மட்டம் ஏறக்குறைய 20 மீட்டர் உயர்ந்தது என்று கணக்கிட்டார்கள். அலையாத்தி மரம் கடல்மட்டத்தை ஒட்டித்தான் வளரும். ஆகவே அதன் வயதும் ஆழமும் சேர்ந்தால் அந்தக் காலத்துக் கடல்மட்டம் கிடைத்துவிடும்.

இதற்கு நீங்களே துளையிடத் தேவையில்லை. ரயில் பாதைக்கும் கட்டடத்துக்கும் ஏற்கெனவே துளையிடுகிறார்கள். முறையாகக் கேட்டு அந்தத் தூணில் ஒரு துண்டு வாங்க முடிந்தால் பெரிய செலவு போய்விட்டது.

தண்ணிக்கு எப்படி வயசு பார்ப்பீங்க? அது ஓடிக்கிட்டே இருக்கே?

காற்றின் தொடர்பு அறுந்து நிலத்துக்குள் இறங்கிய நாளிலிருந்து கணக்கு. முதல் கேள்விக்கான பதில்தான் இங்கேயும். இளம் நீருக்கு டிரிட்டியம். அது நீர் மூலக்கூறின் ஒரு பகுதியாகவே இருப்பதால் வடிகட்டினாலும் போகாது. அளவுதான் மிகச் சிறியது. ஒரு டிரிட்டியம் அலகு என்பது 10,000 கோடி கோடிக்கு, அதாவது 1-க்குப் பின் 18 சுழி போட்ட எண்ணிக்கை ஹைட்ரஜனுக்கு, ஒரே ஒரு டிரிட்டியம் அணு. லிட்டருக்கு 0.118 பெக்கரல். வெப்பமண்டல மழையில் சில அலகுகள்தான் இருக்கும், ஒளிர்வு எண்ணி நேராகப் பார்த்தால் தெரியாது. மின்பகுப்பு செய்து பெருமளவு நீரை வாயுவாகப் போக்கினால், கனமான டிரிட்டியம் மிச்ச நீரில் செறியும். மின்கலம், குளிர்பதனம், நாட்கள், இவ்வளவுதான் மூலதனம்.

புட்டியை விளிம்புவரை நிரப்பி, குமிழி இல்லாமல் இறுக மூடுங்கள். இருட்டில் ஒளிரும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். சிலவற்றில் டிரிட்டியம் இருக்கும், உங்கள் மாதிரியில் இருப்பதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு.

வீட்டுக் குழாய்த் தண்ணி?

நம் குழாயில் வருவது நீர்த்தேக்க மழைநீர், ஜோகூர் நீர், புதுநீர் (சுத்திகரித்த கழிவுநீர்), சுத்திகரித்த கடல்நீர் ஆகியவற்றின் கலவை. அதற்கு ஒரு வயது கிடையாது.

செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்குப் பார்க்கலாமா? எந்த முறை மலிவு?

இது எனக்குப் பிடித்த கேள்வி. 1909இல் கண்டறியப்பட்ட ஊற்று, சுமார் 70 டிகிரி சூடு. ஆழத்திலிருந்து வருகிறது என்பது தொட்டாலே தெரியும். நானாக இருந்தால் முதலில் டிரிட்டியம் பார்ப்பேன். டிரிட்டியம் தெளிவாகத் தெரிந்தால், 1950களுக்குப் பிந்திய மழை கலந்திருக்கிறது என்று பொருள். அதோடு நிறுத்திவிடலாம். இல்லவே இல்லை என்றால் மட்டும் கார்பன்-14க்குச் செலவழிப்பேன். பழைய வழியில் ஐம்பது, நூறு லிட்டர் நீரிலிருந்து பேரியம் கார்பனேட்டாகப் படியவைக்க வேண்டும். முடுக்கி முறைக்கு ஒரு லிட்டரே தாராளம்.

கரைந்த கார்பனில் ஒரு வம்பு உண்டு. சுண்ணாம்புக் கல்லிலிருந்து வந்த செத்த கார்பன் (கார்பன்-14 மிஞ்சாதது) பாதி கலந்தால், நேற்றுப் பெய்த நீரும் 5,500 ஆண்டுக்கு மேல் என்று காட்டும். செம்பவாங் கிரானைட் பகுதி என்பதால் அந்தத் தொல்லை குறைவாக இருக்கலாம். ஆனாலும் கல்லின் பங்கை அறியக் கார்பன்-13 விகிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆன்லைன்ல கெய்கர் கருவி மலிவா கிடைக்குது. அது போதாதா?

போதாது. அது பொட்டாசியம்-40, விண்வெளிக் கதிர், பக்கத்துக் கிரானைட் தரை எல்லாவற்றையும் சேர்த்து டிக் டிக் என்று எண்ணும், எது எது என்று பிரிக்காது. டிரிட்டியம் விடும் பீட்டா கதிர் கெய்கர் கருவியின் சன்னலையே தாண்டாது.

ஊர்க் குளத்து மண்ணை அடுத்த டிரிப்ல கொண்டு வரலாமா, அண்ணே?

பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். மண்ணோடு பூச்சி, நோய்க்கிருமி வரும் என்பதால் நாடுகள் கண்டிப்பாக இருக்கின்றன, ஆஸ்திரேலியா இன்னும் கறார். ஆய்வுக்கூடத்தின் வழியே முன்கூட்டியே அனுமதி கேட்டு அனுப்புவதே முறை. கார்பன்-14 மட்டும் வேண்டுமானால் பொறுக்கி, கழுவி, காயவைத்த கரித்துண்டை அனுப்புவது மண்ணை அனுப்புவதைவிட எளிது.

ரெண்டு முறை ரெண்டு வயசு சொன்னா எதை நம்புறது?

அடிக்கடி நடப்பதுதான். தூணில் 20 சென்டிமீட்டருக்கு ஈயம்-210 “1980” என்கிறது, அதே அடுக்கின் மரத்துண்டுக்குக் கார்பன்-14 “1,200 ஆண்டு” என்கிறது என்று வையுங்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். பழைய கரையை அலை அரித்து, அந்தக் காலத்து மரத்துண்டைக் கொண்டுவந்து 1980இல் போட்டிருக்கலாம். ஓர் அடுக்கு, தனக்குள் இருக்கும் பொருள்களில் மிக இளையதைவிடப் பழையதாக இருக்க முடியாது, மேலிருந்து வேரோ நண்டோ எதையும் இறக்காத வரை. ஆகவே இளைய வயதைச் சந்தேகப்பட முதலில் துளைகளையும் வேர்களையும் தேடுங்கள். அவை இல்லை என்றால் இளையதே அடுக்கின் வயது.

அந்த நிலையில் இன்னொரு மரத்துண்டை அனுப்பிப் பணத்தை வீணாக்காதீர்கள். அதே அடுக்கில் கெடாத இலை ஒன்றைத் தேடுங்கள். இலை அலைக்கழிப்பைத் தாங்காது, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதையும். 1955க்குப் பிந்தியதாக இருந்தால் அணுகுண்டுக் கார்பன் அதில் ஏறியிருக்கும். 1960களின் நடுவில் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானதால், அந்த இலையின் வயதை ஓரிரு ஆண்டு பிசகில் சொல்லிவிடலாம். ஏறுமுகமா இறங்குமுகமா என்று இரண்டு விடை வரும், அதில் எது என்பதை ஈயம்-210 தீர்த்துவைக்கும்.